சனிக்கிழமை அக்காவின் கால்கள்

ஆத்துப்பாளையத்துத் தனக்கொடியின் கால்கள் தரையைவிட்டு நாலு விரக்கடை மேலே எழும்பிய சேதி, அது நடந்த சனிக்கிழமை நடுச்சாமத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை முதல் பால்வண்டிக்கும் நடுவிலேயே ஊரின் எல்லா வீதிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்தும், பொய் சொல்வானேன், ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. பதினோரு வருசமாக வாராவாரம் வெள்ளைச் சீலையும் விரித்த தலையுமாகக் கேபிள் டிவியில் வந்து நின்று பேய்ப்படம் போட்டுக் காட்டுகிறவளுக்குக் கால் எழும்பாமல், பின்னே சமையல் சொல்லிக் கொடுக்கிறவளுக்கா எழும்பும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். இத்தனை நாள் ஏன் எழும்பாமல் இருந்தது என்பது மட்டும்தான் ரொம்பப் பேருக்கு ஆச்சரியம்.

முதலில் பார்த்தவன் மாரப்பன். தனக்கொடியின் புருசன் அவன், நிகழ்ச்சிக்குக் கேமராக்காரனும் அவனே. படம் முடிந்து, "கொல்லைக் கதவைத் தாப்பாப் போட்டீங்களா? எதுக்கும் இன்னொருக்காப் பாத்துட்டுப் படுங்க" என்று அவள் வழக்கமாகச் சொல்கிற கடைசி வார்த்தையும் சொல்லியாகி, அவன் விளக்குகளை அணைத்து ஒயரையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பினால், செருப்பு ரெண்டும் தரையில் கிடக்கிறது, அவள் செருப்புக்கு மேலே செருப்பைத் தொடாமல் நிற்கிறாள். அவளும் குனிந்து பார்த்தாள். ஒரு காலை ஆட்டினாள், இன்னொரு காலை ஆட்டினாள். அப்புறம் முகத்தை நிமிர்த்தி அவனைப் பார்த்து, "ஏனுங்க, வலி நின்னு போச்சுங்க" என்றாள்.

எழும்பினது அவளுக்கு ரெண்டாம்பட்சம், வலி நின்றதுதான் பெரிசு. பதினாலு வயசில் தறிக்குடோனுக்குள் நுழைந்தவள், இருபத்தஞ்சு வருசம், ஷிப்டுக்குப் பன்னெண்டு மணி நேரம், நாலு தறிக்கு நடுவில் நின்றவள் நின்றவள்தான். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் பச்சையாகச் சுருட்டிக்கொண்டு, பாதம் வீங்கி, குதிகால் வெடித்து, ராத்திரியானால் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படுத்த பிறகு தலையணையில் வாயை அமுக்கிக்கொண்டு அவள் அழுவது மாரப்பனுக்குக் கேட்கும். கேட்டும் தூங்குகிறவன் மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். கெட்டவன் இல்லை. என்ன செய்வதென்று தெரியாதவன், அவ்வளவுதான்; இப்படிப்பட்ட நல்லவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் உண்டு.

அவள் பேய்ப்படக்காரி ஆன கதையையும் சொல்லிவிட வேண்டும். ஆத்துப்பாளையத்தில் தறி ஓடாத நேரம் கிடையாது, ராத்திரி ஷிப்டுக்காரர்கள் தூங்கிவிடாமல் இருக்க ஒவ்வொரு குடோன் மூலையிலும் ஒரு டிவி வைத்திருப்பார்கள், ஆனால் ஆயிரம் தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி அடிக்கிற சத்தத்தில் டிவி என்ன பேசுகிறதென்று ஒரு எழுத்தும் காதில் விழாது. கேபிள்கார சண்முகராசு சனிக்கிழமை நடுச்சாமத்தில் பேய்ப்படம் போடலாமென்று ஆரம்பித்து, படத்துக்கு முன்னாலும் நடுவிலும் வந்து பயங்காட்ட நாடகக்காரர் ஒருத்தரைப் பிடித்து வந்தான். அவர் என்ன கத்தினாலும் குடோன்களில் எவருக்கும் புரியவில்லை. மூணாம் வாரம் அவர் வராமல் போக, மாரப்பனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த தனக்கொடி தலையில் வெள்ளைச் சீலை விழுந்தது. தறிக்காரிகளுக்கு ஒரு பேச்சு உண்டு. சத்தத்துக்கு நடுவில் நாலு தறி தள்ளி நிற்கிறவளுக்குப் புரிகிற மாதிரி வாயை அகலத் திறந்து, கண்ணாலும் புருவத்தாலும் விரலாலும் பேசுவார்கள். அவள் அந்தப் பேச்சைத்தான் கேமராவைப் பார்த்துப் பேசினாள். ஊரின் அத்தனை குடோன்களிலும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிக் கொல்லைப்பக்கக் கதவைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவள் சனிக்கிழமை அக்கா.

அந்த முதல் நாளில் மாரப்பன் ஒரு காரியம் செய்தான். கேமராவுக்குள் பார்த்தபோது வெள்ளைச் சீலைக்குக் கீழே வீங்கின பாதமும் துணிக்கட்டும் ரப்பர் செருப்பும் தெரிந்தன. பேய்க்கு ஏது கால் என்று நினைத்தான். உண்மையைச் சொன்னால், அந்தக் கால்களைப் பார்க்க அவனுக்கே சங்கடமாகவும் இருந்தது. கேமராவைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலுக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி வைத்துத் திருகை முடுக்கினான். முடுக்கினது முடுக்கினதுதான், பதினோரு வருசமும் அவள் பாதத்தை ஊர் டிவியில் பார்த்ததில்லை. சனிக்கிழமை அக்காவுக்குக் கால் கிடையாது என்று அம்மாக்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சத்தியம் பண்ணிச் சொன்னார்கள், அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தறிக்கு வந்து, பக்கத்துத் தறியில் அவள் ரெண்டு காலும் வீங்க நிற்பதைப் பார்த்துக்கொண்டே, அக்காவுக்குக் கால் கிடையாது என்று நம்பினார்கள். ஊரே சேர்ந்து நம்பினால் கால் பாவம் என்ன செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியில் அவள் டீ வைத்தபோது, ஜன்னல் வெளிச்சம் அவள் பாதத்துக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் புகுந்து அந்தப் பக்கம் போய் விழுந்ததை மாரப்பன் வாசல்படியில் நின்று பார்த்தான். ரெண்டு கையும் தானாகக் கும்பிடக் கிளம்பின. பெண்டாட்டியைப் போய்க் கும்பிடுவதா என்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டுப் பாவாயி சர்க்கரை கேட்டு வந்தவள், கீழே ஒரு பார்வை மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏந் தனம், இனிமே வாசல்ல கோலம் போட்டா அழியாது போ" என்று சொல்லிச் சர்க்கரையை வாங்கிக்கொண்டு போனாள்.

ஊர் இப்படித்தான் அதைப் பழகிக்கொண்டது. மினி பஸ் கண்டக்டர் மட்டும் ஒரு வாரம் திணறினான். "உள்ள தள்ளிப் போங்கன்னு சொல்லலாம்க்கா, உங்களை எங்க தள்ளிப் போகச் சொல்றது?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். தறி முதலாளி ஈசுவரமூர்த்தி குடோன் வாசலில் நின்று அரைமணி நேரம் அவள் நடையைப் பார்த்தார், தரையில் படாமல், அலுப்பில்லாமல், நாலு தறிக்கும் நடுவில் அவள் வழுக்கி வழுக்கிப் போவதைப் பார்த்துவிட்டு, "கால் நோகாதவளுக்கு நாலு தறி எந்த மூலைக்கு? இன்னும் ரெண்டைச் சேத்து ஓட்டு" என்றார். அதிசயம் நடந்தால் அதிலும் ரெண்டு தறி சேர்த்து ஓட்டுகிறவர்தான் முதலாளி. மாரப்பனுக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. தனக்கொடி, "உடுங்க, நோவுதா ஒண்ணா" என்று ஆறையும் ஓட்டினாள்.

வழக்கு ஒன்றுதான் கொஞ்சம் பெரிசாகக் கிளம்பியது. கால் பாவாதது உலகத்தில் ரெண்டே ரெண்டு, ஒன்று பேய், இன்னொன்று சாமி, இவள் எது? பேய் என்ற மேற்கு வீதிக்காரர்கள் உடுக்கையோடு ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். சாமி என்ற கிழக்கு வீதிக்காரர்கள் தாம்பாளத்தில் மஞ்சள் சீலையும் தேங்காய் பழமும் எடுத்து வந்தார்கள். ரெண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து சேர, ஒரு பக்கம் உடுக்கை, ஒரு பக்கம் சூடம், நடுவில் தனக்கொடி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கோடாங்கி கண்ணை உருட்டி, "யாரு நீ? எங்கிருந்து வந்தே?" என்று அதட்டினான்.

"ஏனுங்ணா, பேயின்னா எனக்கு இந்தச் சோறு எறங்குமா? சாமின்னா நாம் போயி ஆறு தறிக்கு ஊடை நூல் மாத்திக்கிட்டு இருப்பனா?" என்றாள் தனக்கொடி. "ரெண்டுமில்லீங்க. நான் பகல் ஷிப்டு தறிக்காரி. நேரமாச்சு, வழிய உடுங்க."

ரெண்டு கூட்டமும் வழி விட்டது. கொண்டுவந்த வாழைப்பழத்தை மேற்கு வீதியும் கிழக்கு வீதியும் பாதிப் பாதியாகப் பகிர்ந்து தின்றுகொண்டே போனார்கள்.

ஆனால் சாயங்காலங்களில் வேறொரு கூட்டம் வந்தது, அதற்கு உடுக்கையும் இல்லை, தாம்பாளமும் இல்லை. தறிக்காரிகள் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ரெண்டு பேர் மூணு பேராக வந்து, அவள் வீட்டு வாசலில் தங்கள் வீங்கின காலை நீட்டி உட்கார்ந்து, அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீக்கம் வடிந்து, வெடிப்பு மூடி, நரம்பெல்லாம் உள்ளே அடங்கி, அந்தப் பாதம் நாளுக்கு நாள் பச்சைப்பிள்ளைப் பாதமாக ஆகிக்கொண்டிருந்தது. ஒருத்தி ஆசையடங்காமல் கையை நீட்டி உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"எப்பிடி இருக்குது தனம்?"

"வாய்க்கால்ல காலைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்குதுக்கா."

அவர்கள் ஒருத்தரும் பொறாமைப்படவில்லை. நம்மில் ஒருத்திக்காவது கிடைத்ததே என்று பெருமூச்சு விட்டு எழுந்து, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போனார்கள். மாரப்பன் அவர்கள் வீதி திரும்புகிற வரைக்கும் அந்த நடையையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருசமாக அவன் பக்கத்திலேயே நடந்த நடைதான் அதுவும்.

நாலு விரக்கடையோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அடுத்த சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்தபோது அவள் எட்டு விரக்கடையில் இருந்தாள், அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு சாணில் இருந்தாள். வார நாளில் ஏறுவதில்லை. ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து காலில்லாத அக்காவைப் பார்க்கிற அந்த ரெண்டு மணி நேரத்தில்தான் ஏறினாள். மாரப்பன் பயந்துபோய் ஒரு வாரம் நிகழ்ச்சியே வேண்டாமென்று நிறுத்திப் பார்த்தான். அந்தச் சனிக்கிழமை ஊர் முழுக்க வெறும் படத்தை வைத்துக்கொண்டு, அக்கா எங்கே அக்கா எங்கே என்று அவளையே நினைத்துக்கொண்டிருந்தது. திரையில் முகமே இல்லாதவளுக்குக் காலை யார் நினைப்பார்கள்? அந்த ஒரே ராத்திரியில் ஒரு முழம் ஏறிவிட்டாள். ஓட்டுக்கூரையைத் தலையால் இடிப்பாளோ என்று மாரப்பன் விடிய விடிய அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரமே வெள்ளைச் சீலையை மறுபடி எடுத்துக் கொடுத்தான்.

ஆறாவது சனிக்கிழமைதான் அது நடந்தது. தனக்கொடி ஒரு பாழும் பங்களாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேமரா ஸ்டாண்டின் பழைய திருகு வழுக்கி, கேமரா தானாக மூக்கைக் கீழே தாழ்த்தியது. மாரப்பன் பிடிப்பதற்குள் ரெண்டு மூச்சு நேரம் அவளுடைய பாதங்கள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டன. ஊர் கண்ட அந்த நேரத்தில் அவள் ஒரு சாண் சடாரென்று இறங்கினாள், இறங்கின வேகத்தில் "அய்யோ அம்மா" என்று அலறினாள். பதினோரு வருசத்தில் இதுபோல ஒரு அலறல் கேட்டதில்லையென்று மறுநாள் ஊரே மெச்சிக்கொண்டது. ஆனால் கேமராவைத் தூக்கி நிறுத்திய மாரப்பன் அவள் முகத்தைப் பார்த்தான், அவளும் அவனைப் பார்த்தாள், ரெண்டு பேருக்கும் விசயம் விளங்கிவிட்டது. கால் தெரிந்தால் இறங்குவாள். இறங்கினால் வலி திரும்பி வரும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "அந்தத் திருகை நல்லா முடுக்கி வெய்யுங்க."

"முடுக்கி வெச்சா நீ இன்னும் மேல போயிருவே புள்ள."

"போனாப் போறேன். இருபத்தஞ்சு வருசம் நின்னாச்சுங்க. நீங்க ஒரு நாளு நின்னு பாருங்க, தெரியும்."

மறுநாள் புதுத் திருகு வாங்கிப் போட்டான். சனிக்கிழமைதோறும் அந்தத் திருகின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பான். அரைத் திருப்புத் திருப்பினால் போதும், பெண்டாட்டி தரைக்கு வந்துவிடுவாள், பழையபடி பக்கத்தில் நடப்பாள், பழையபடி தலையணையில் வாயை அமுக்கி அழுவாள். திருப்பாவிட்டால் வாரம் நாலு விரக்கடையாக அவனை விட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். கடைசியில் ஒவ்வொரு வாரமும் கையை எடுத்துவிடுவான்.

அவள் ஏற ஏற அவன் வீட்டை ஏற்றினான். அடுப்பை மேசைமேல் ஏற்றினான், அப்புறம் மேசையைச் செங்கல்மேல் ஏற்றினான். அரிசி டப்பா, கண்ணாடி, சீப்பு, சாமி படம் எல்லாம் மேலே அட்டாலிப் பரணுக்குப் போயின. அவளோடு நிமிர்ந்து பேசிப் பேசிக் கழுத்து பிடித்துக்கொண்டது. தறியைவிட உயரமாகப் போனதும் அவளுக்கு வேலை போயிற்று. ஈசுவரமூர்த்தி, தறியை உயர்த்திக் கட்ட முடியுமா என்று மேஸ்திரியிடம் விசாரித்துப் பார்த்துவிட்டு மனசில்லாமல் விட்டார். பகலெல்லாம் வீட்டுக்குள் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முதலில் பாட்டுப் பாடினாள். அப்புறம் பாடவில்லை. ஒருநாள் மாரப்பன் சாப்பாட்டுத் தட்டை எட்டிக் கொடுத்தபோது, தட்டை விட்டுவிட்டு அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள். அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தை மாதம் பிறந்ததும் நிகழ்ச்சி எடுக்கிற, உரக்கடை மாடியிலிருந்த ஸ்டுடியோவின் சிமெண்டு அட்டைக் கூரை அவள் தலையில் இடித்தது. சண்முகராசு பார்த்தான். "அதுக்கென்னுங்ணா, வெளிய மொட்டை மாடியில வெச்சுக்கலாம். காத்தாட இருக்கும், பின்னால வானம் வேற கருப்பா நல்லா அமையும்" என்றான். மாரப்பன் அவனை வெட்டவா குத்தவா என்று பார்த்தான். ஆனால் வேறு வழியும் இல்லை, நிறுத்தினால் முழமாக ஏறுவாள். குடோனிலிருந்து பாவு நூல் வாங்கி வந்து எட்டுப் புரியாக முறுக்கி நீளமாக ஒரு கயிறு திரித்து, ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டினான். முடிச்சை மூணு தடவை இழுத்துப் பார்த்தான்.

அன்றைக்கு நல்ல பனி. மொட்டை மாடியில் ரெண்டு விளக்கு, நடுவில் கேமரா, எதிரில் ஆள் உயரத்துக்கு மேலே வெள்ளைச் சீலையில் தனக்கொடி, சுற்றிலும் ஊர் முழுக்கத் தறிச்சத்தம். "இன்னும் யாரெல்லாமுங்க தூங்காம இருக்கறீங்க?" என்று ஆரம்பித்தாள். வழக்கமான வார்த்தைதான், ஊரும் வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் மேலே கூரை இல்லை. கதை ஒரு வாக்கியம் போக அவள் ஒரு சாண் போனாள், இன்னொரு வாக்கியம் போக ஒரு முழம் போனாள், சீலை காற்றில் விரிந்தது, கூந்தல் விரிந்தது, கேமராவைத் தூக்கித் தூக்கி அவள் முகத்தைத் தொடர்ந்த மாரப்பன் கண்ணுக்கு அவள் பின்னால் நட்சத்திரங்கள் தெரிந்தன. அத்தனை வீட்டிலும் அத்தனை குடோனிலும் திரையில் நட்சத்திரங்களுக்கு நடுவே அவள் தெரிந்தாள், இதற்கு முன்னால் எதற்குமே வாயைப் பிளக்காத ஆத்துப்பாளையம் அன்றைக்கு வாயைப் பிளந்தது. எழுந்து நின்று கும்பிட்டவர்கள் பேயைக் கும்பிடுகிறோமா சாமியைக் கும்பிடுகிறோமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. மாரப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு அழகானவளுக்கா நான் புருசன் என்று நினைத்தான், அந்த நேரத்தில் கயிறு விறைத்தது.

கயிறு அவன் இடுப்பை இழுத்தது. குதிகால் தரையை விட்டு எழும்பி நுனிக்காலில் நின்றான். எட்டுப் புரியில் ஒரு புரி பட்டென்று அறுந்தது. அப்புறம் இன்னொன்று. தனக்கொடி கதையை நிறுத்தினாள். கேமராவை விட்டுக் கண்ணை எடுத்து, கேமராவுக்குப் பின்னால் இருந்தவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள். "எனக்குப் பயமா இருக்குதுங்க."

தறிப்பேச்சில் சொன்னாள், வாயை அகலத் திறந்து, கண்ணாலும் புருவத்தாலும். அதைப் புரிந்துகொள்ள ஊரில் ஒருத்தருக்கும் சத்தம் கேட்க வேண்டியதில்லை. பதினோரு வருசமாக அத்தனை பேரையும் பயங்காட்டியவள் தனக்குப் பயமாக இருக்கிறதென்று சொன்னதும், ஒரு குடோனில் ஒருத்தி கையை நீட்டித் தறியை அணைத்தாள். பக்கத்துத் தறி நின்றது. பக்கத்துக் குடோன் நின்றது. வீதி வீதியாக நின்றுகொண்டே போய், ஆத்துப்பாளையத்தில் பிறந்த எவரும் பிறந்த நாள் முதலாகக் கேட்டிராத ஒரு அமைதி வந்து ஊர்மேல் உட்கார்ந்தது. பக்கத்தில் ஆறு ஓடுகிறது என்பதே அன்றைக்குத்தான் பலருக்குக் காதில் விழுந்தது.

மாரப்பனின் கை திருகின்மேல் இருந்தது. இந்தத் தடவை அவன் கேட்டான்.

"எறக்கட்டுமா தனம்? வலிக்கும் புள்ள. தாங்குவியா?"

பத்தொம்பது வருசக் குடித்தனத்தில் வலியைப் பற்றி அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதையும் ஊரே கேட்டது. தனக்கொடி அழுதாள், தலையணை இல்லாததால் சத்தமாகவே அழுதாள்.

"நிக்கறதுதாங்க வலி," என்றாள். "எறக்குங்க. நிக்க மட்டும் வெச்சறாதீங்க."

அவன் திருகைத் தளர்த்தினான். கேமரா அவள் முகத்தை விட்டு, வெள்ளைச் சீலையை விட்டு, கீழே கீழே வந்து அவள் பாதங்களில் நின்றது. ரெண்டு உள்ளங்கால்கள், ரெண்டு மிஞ்சிகள், பின்னால் வானம். சனிக்கிழமை அக்காவுக்குக் கால் உண்டென்று ஊர் பார்த்தது. அவள் இறங்க ஆரம்பித்தாள். இறங்க இறங்க, அந்தப் பச்சைப்பிள்ளைப் பாதத்தில் ஒவ்வொரு வருசமாகத் திரும்பி வந்தது. நரம்பு ஒவ்வொன்றாகப் புடைத்தது, குதிகால் கோடு கோடாக வெடித்தது, கணுக்கால் வீங்கியது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது அந்த அமைதியில் ஊர்க்கோடி வரைக்கும் கேட்டது. குடோன்களில் தறிக்காரிகள் தங்கள் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். பதினோரு வருசமாக இதைத்தான் மறைத்தேனா என்று மாரப்பன் கேமராவுக்குள் பார்த்து வாய்விட்டு அழுதான். காலை விட்டுக் கேமராவை விலக்காமல் தொடர்ந்து வந்து, தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

ஓடிப்போய் அவளுக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியை விரித்தான். பாதம் ரெண்டும் தரையில் படவில்லை, அவன் மடியில் வந்து இறங்கின. "உக்காரு," என்றான். பக்கத்திலிருந்த தண்ணித்தொட்டித் திட்டில் அவள் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்றைக்கு அம்மிக்கல்மேல் வைத்து மிஞ்சி போட்டுவிடப் பிடித்த பிறகு அந்தக் காலை அவன் தொட்டதே இல்லை. இப்போது ரெண்டு கையாலும் பிடித்தான். வெடிப்பில் பெருவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தான், கெண்டைக்கால் நரம்பைக் கீழிருந்து மேலாக நீவிவிட்டான். அவனுக்கு நீவத் தெரியவில்லை. "அங்கில்லீங்க, கொஞ்சம் மேல," என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். ஆளில்லாத கேமரா இதையெல்லாம் அத்தனை வீட்டுக்கும் அத்தனை குடோனுக்கும் காட்டிக்கொண்டிருந்தது, தறிகள் நின்றது நின்றபடி இருந்தன, ஊர் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சண்முகராசு படம் போடவே இல்லை. ஏன் போடவில்லை என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை.